வைரத் தோடு வாங்கப் போனேன், ‘கிம்பர்லி’ என்றார்கள்: அந்தச் சீட்டை நம்பலாமா?

#1 வளையல்காரி

மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஏழு கல் தோடும் ஒரு பேசரியும் எடுக்கலாம் என்று போன வாரம் கடைக்குப் போனோம். மாமியாரும் கூட வந்தார். அவருக்கு வைரம் என்றாலே பயபக்தி. லென்ஸை வாங்கி ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். காக்காப் பாதம் இருக்கிறதா, கரும்புள்ளி இருக்கிறதா, சிவப்பு ஓடுகிறதா என்று அரை மணி நேரம். “மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம்” என்று வேறு சொல்லிவிட்டார். கடைக்காரருக்கு இதெல்லாம் பழக்கம்தான், சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அப்போதுதான் மகள் கேட்டாள், “இது எந்த ஊர்க் கல்?” விற்பனைப் பையன் முழித்துவிட்டு, “எல்லாமே கிம்பர்லி சர்டிபிகேட் உள்ள கல் மேடம், ரத்த வைரம் எல்லாம் நம்மிடம் கிடையாது” என்று ஒரு பிளாஸ்டிக் அட்டையை நீட்டினான். அதில் நிறம், தெளிவு, வெட்டு, எடை எல்லாம் இருந்தது. ஊர்ப் பெயர் மட்டும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதுதான் பேச்சு. “அதெல்லாம் முடிந்துபோன கதை” என்கிறார் வீட்டுக்காரர். “முடியவே இல்லை” என்கிறாள் மகள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரத்த வைரம் என்றால் போருக்குப் பணம் தரும் கல்லாம். வைரம் விற்ற காசில் ஒரு போரே நடக்குமா? அந்தச் சீட்டுக்கு என்ன மதிப்பு?

#2 பட்டறை மணி

அக்கா, அந்த அட்டை கிம்பர்லி சர்டிபிகேட்டே இல்லை. நான் சூரத்தில் பதினோரு வருடம் இருந்தவன். முதலில் சாணை பிடிக்கும் வேலை, அப்புறம் ரஃப் பிரிக்கிற மேசை. உங்களிடம் காட்டியது தர அட்டை. கல் எப்படி இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

கிம்பர்லி சர்டிபிகேட் என்பது பட்டை தீட்டாத ரஃப் வைரத்துக்கு மட்டும். சீல் வைத்த பெட்டியோடு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் அரசாங்கச் சீட்டு அது. பெட்டி வந்து சேர்ந்து, சரிபார்த்துத் திறந்தார்கள் என்றால் அதன் வேலை முடிந்தது. கடை வரைக்கும் அது வராது, வர முடியாது. ஏனென்றால் ரஃப் எங்கள் மேசைக்கு வந்ததும் முதலில் சல்லடையில் போட்டு அளவு பிரிப்போம், பிறகு வடிவம், பிறகு நிறம். ரஷ்யக் கல்லும் அங்கோலாக் கல்லும் ஒரே பொட்டலத்தில் கலந்துவிடும். பல நாட்டுக் கல் கலந்த பார்சலுக்கு, எந்த நாடு என்று எழுதாமல் ‘கலவை’ என்றே சர்டிபிகேட் போடலாம், விதியிலேயே இடம் உண்டு.

பட்டை தீட்டிய பிறகு மிச்சமிருப்பது பில்லில் வரும் ஒரே ஒரு வாக்கியம். இந்தக் கற்கள் முறையான வழியில் வாங்கப்பட்டவை, போருக்குப் பணம் தந்தவை அல்ல, ஐ.நா. தீர்மானங்களுக்கு உட்பட்டவை என்று விற்கிறவர் வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்கு. அப்படியே கடை வரைக்கும். கேட்பதாக இருந்தால் கடைக்காரர் கொள்முதல் செய்த பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

#3 வம்பன்

மூன்று ராத்திரியில் மாமியாருக்குக் கெட்ட கனவு வந்தால் தோஷம் கல்லுக்கா, ராத்திரிச் சாப்பாட்டுக்கா?

#4 ஆற்றுமணல்

வம்பனுக்கு வேறு வேலை இல்லை. வளையல்காரி அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நான் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அரசியலை விட மண்ணிலிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சுலபம்.

வைரம் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, பூமியின் அடியிலிருந்து மேலே வந்த கிம்பர்லைட் குழாய்ப் பாறை. அதைத் தோண்டப் பெரிய கம்பெனி வேண்டும், கோடிக்கணக்கில் முதலீடு வேண்டும், வேலி வேண்டும். இன்னொன்று, அந்தப் பாறை பல கோடி ஆண்டுகள் மழையில் கரைந்து, ஆறு அடித்துக்கொண்டு போய்ப் பரப்பிய சரளை. இதை எடுக்க மண்வெட்டி, வாளி, சல்லடை, நாலு ஆள் போதும். மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் கோனோ மாவட்டம், டோங்கோ, சேவா ஆற்றங்கரை எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கிற பொருளுக்கு யார் வேலி போடுவது? துப்பாக்கி வைத்திருப்பவன்தான் வேலி.

1991 மார்ச் 23 அன்று ஃபோடே சன்கோ என்ற முன்னாள் ராணுவக் கார்ப்பரலின் தலைமையில் ஆர்.யூ.எஃப். என்ற கிளர்ச்சிப் படை லைபீரியா எல்லையைத் தாண்டி வந்தது. பின்னால் இருந்தவர் லைபீரியாவின் கிளர்ச்சித் தலைவரும் பின்னாளில் அந்நாட்டு ஜனாதிபதியுமான சார்ல்ஸ் டெய்லர். சீக்கிரமே அவர்கள் குறி வைத்தது தலைநகரை அல்ல, கோனோவை. அங்கே மக்களைப் பிடித்து வந்து குழியில் இறக்கினார்கள். ‘இரண்டு குவியல்’ என்று ஒரு முறை இருந்தது. வெட்டிய சரளையில் ஒரு குவியல் படைக்கு, ஒன்று தோண்டியவனுக்கு. எந்தக் குவியல் தனக்கு என்பதைப் படைதான் முடிவு செய்யும். தோண்டியவன் குவியலில் நல்ல கல் கிடைத்தால் அதுவும் போகும்.

இனி எடையைப் பாருங்கள். ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம். பல லட்சம் டாலர் மதிப்புள்ள ரஃபைக் கைக்குட்டை முடிச்சில் கட்டி எல்லை தாண்டிவிடலாம். மெட்டல் டிடெக்டர் கத்தாது, நாய் மோப்பம் பிடிக்காது. எண்ணெய்க்குக் குழாய் வேண்டும், மரத்துக்கு லாரி வேண்டும், இதற்குச் சட்டைப்பை போதும்.

அந்த முடிச்சு லைபீரியாவின் தலைநகர் மொன்ரோவியாவுக்குப் போகும், ஆயுதம் திரும்பி வரும். 1999 மார்ச்சில் உக்ரைனிலிருந்து 68 டன் ஆயுதம் ஒரு பெரிய சரக்கு விமானத்தில் புர்கினா ஃபாசோவில் வந்து இறங்கியது. காகிதத்தில் அது அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு. அங்கிருந்து சிறிய விமானத்தில் லைபீரியாவுக்கு மாற்றினார்கள். ஐ.நா. நிபுணர் குழு 2000 டிசம்பரில் இதை விவரமாக எழுதியிருக்கிறது. ஆர்.யூ.எஃப்.பின் வைர வருமானம் ஆண்டுக்கு 2.5 கோடியிலிருந்து 12.5 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று அதே குழு கணக்கிட்டது. இடைவெளி பெரிதுதான். கடத்தலுக்கு ரசீது இல்லை அல்லவா. ஆனால் கீழ்க்கணக்கை எடுத்துக்கொண்டாலும், காட்டில் இருக்கும் ஒரு படைக்கு அது தாராளம்.

#5 எதிர்க்கேள்வி

ஐயா சொல்வது சரி, ஆனால் ஒரு கல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. போட்ஸ்வானாவிலும் வைரம்தான். ஜ்வானெங், ஒராபா என்று உலகின் பெரிய சுரங்கங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு கிளர்ச்சி உண்டா? அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் சாலையும் போட்டார்கள். ஆகவே பிரச்சினை ஆட்சி, கல் அல்ல.

சியரா லியோனிலும் சன்கோ வருவதற்கு முன்பே வீடு சரிந்துவிட்டது. 1970-இல் 20 லட்சம் காரட்டுக்கு மேல் இருந்த அதிகாரபூர்வ ஏற்றுமதி, 1988-இல் 48,000 காரட். கல் தீர்ந்துவிடவில்லை. ஜனாதிபதி சியாக்கா ஸ்டீவன்ஸ் காலத்தில் ஆட்சியாளர்களும் அவர்களது கூட்டாளி வணிகர்களும் பின்வாசல் வழியாக எடுத்துப் போனார்கள். படித்த பையனுக்கு வேலை இல்லை, வாத்தியாருக்குச் சம்பளம் இல்லை. அந்தக் கோபத்தில்தான் ஆர்.யூ.எஃப்.புக்கு முதலில் ஆள் கிடைத்தது. இதைச் சொல்லாமல் ‘ரத்த வைரம்’ என்று மட்டும் பேசினால் அது நகைக்கடை விளம்பரத்துக்கு எதிர் விளம்பரம், அவ்வளவுதான்.

#6 ஆற்றுமணல்

ஒப்புக்கொள்கிறேன், பாதி. போட்ஸ்வானாவில் பெரும்பாலும் குழாய்ப் பாறை. மண்வெட்டியோடு போய் ஜ்வானெங்கில் ஒன்றும் எடுக்க முடியாது. அரசு ஒரு கம்பெனியோடு பேசினால் போதும், கணக்கு வந்துவிடும். நல்ல ஆட்சி என்பது உண்மை, அந்த ஆட்சிக்கு மண்ணும் கொஞ்சம் உதவியது என்பதும் உண்மை.

கோபத்தில் ஆள் சேர்ந்தார்கள் என்பதும் சரி. ஆனால் அந்தக் கோபக்காரர்கள் யார் கையை வெட்டினார்கள்? 1996 தேர்தலில் ‘எதிர்காலம் உங்கள் கையில்’ என்று பிரசாரம் நடந்தது. வாக்களித்த கை இனி இருக்காது என்று ஏழை விவசாயிகளின் கையை வெட்டினார்கள். ஊழல் மந்திரியின் கையை அல்ல. எங்கெல்லாம் குழி இருந்ததோ அங்கெல்லாம் ஊரைக் காலி செய்வதுதான் நோக்கம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. 1999 ஜூலையில் அரசுக்கும் ஆர்.யூ.எஃப்.புக்கும் இடையே லோமே அமைதி ஒப்பந்தம். அதில் சன்கோவுக்குக் கொடுத்த பதவி என்ன தெரியுமா? வைரம் உள்ளிட்ட கனிமவளத்தை நிர்வகிக்கும் ஆணையத்தின் தலைவர், துணை ஜனாதிபதி அந்தஸ்தோடு. திருடனையே களத்துக்குக் காவல் போட்டார்கள்.

#7 படைவீட்டுப் பையன்

இதில் நம் நாட்டு ஆட்களும் மாட்டியிருக்கிறார்கள், யாரும் சொல்லவில்லையே. லோமேவுக்குப் பிறகு போன ஐ.நா. அமைதிப் படைக்கு முதல் தளபதி மேஜர் ஜெனரல் விஜய் ஜெட்லி, இந்தியர். 2000 மே மாதம் ஆர்.யூ.எஃப். சுமார் 500 அமைதிப் படையினரைப் பிடித்து வைத்தது. கைலாஹுன் என்ற ஊரில் இருநூறுக்கும் மேற்பட்ட நம் வீரர்கள், பெரும்பாலும் கோர்க்கா ரைபிள்ஸ், இரண்டு மாதத்துக்கும் மேல் சுற்றி வளைக்கப்பட்டுக் கிடந்தார்கள். ஜூலை நடுவில் கொட்டும் மழையில் ‘ஆபரேஷன் குக்ரி’ நடத்தி மீட்டார்கள். எங்கள் குடியிருப்பில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் அந்த மிஷனில் இருந்தார். வைரத்தைப் பற்றிக் கேட்டால், “வாய்க்கால் வெட்டிப் போட்ட மாதிரி ஊர் முழுக்கக் குழி, குழி நிறையச் செந்தண்ணீர், தண்ணீர் நிறையக் கொசு” என்பார். மலேரியா வந்து திரும்பியவர்.

அந்த ஜெட்லி எழுதிய ஒரு ரகசியக் குறிப்பு அதே செப்டம்பரில் வெளியே கசிந்தது. கூட்டுப்படையில் இருந்த சில நைஜீரிய மூத்த அதிகாரிகளே வைரத்துக்காகக் கிளர்ச்சியாளர்களோடு கைகோத்திருக்கிறார்கள் என்று அதில் குற்றம் சாட்டியிருந்தார். நைஜீரியா கடுமையாக மறுத்தது. பெரிய ரகளை. கடைசியில் இந்தியா தன் படையையே திரும்ப அழைத்துக்கொண்டது.

#8 பட்டறை மணி

நான் தொழிலில் இருந்தவன், ஆகவே வாங்கின பக்கத்தைச் சொல்கிறேன். காட்டில் தோண்டினவனை மட்டும் திட்டுவது சுலபம்.

லைபீரியாவின் மண்ணில் ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை லட்சம் காரட் கிடைத்தாலே அதிகம். ஆனால் 1994-இலிருந்து ஐந்தாறு வருடத்தில் பெல்ஜியம் தன் கணக்குப் புத்தகத்தில் லைபீரியாவிலிருந்து வந்ததாக எழுதியது 3 கோடியே 10 லட்சம் காரட்டுக்கு மேல். வருடத்துக்கு 60 லட்சம்! ஒரு படி பால் கறக்கிற மாடு தினம் நாற்பது படி கொடுத்தால் பால்காரருக்கு சந்தேகம் வரும். பெல்ஜியத்தின் வைரச் சந்தையான ஆன்ட்வெர்ப்புக்கு வரவில்லை. காம்பியாவில் சுரங்கமே கிடையாது, அந்த நாடும் வைரம் ஏற்றுமதி செய்தது.

எப்படி என்றால், ‘எங்கே தோண்டியது’ என்று கேட்கவில்லை, ‘கடைசியாக எங்கிருந்து அனுப்பினார்கள்’ என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு மொன்ரோவியா என்பது பொய்யே இல்லை. எத்தனையோ நாட்டுக் கடத்தல் கல் லைபீரியா பெயரைப் போட்டுக்கொண்டு வந்தது. சிலவற்றில் அந்தப் பெயரும் விலாசமுமே பொய். தராசு சரியாக இருந்தது, கேள்வி சரியாக இல்லை.

அங்கோலாவும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். அரசிடம் எண்ணெய், ஜோனாஸ் சவிம்பியின் கிளர்ச்சிப் படையான யுனிட்டாவிடம் வைரம் கிடைக்கும் குவாங்கோ பள்ளத்தாக்கு. பனிப்போர் முடிந்து அமெரிக்க உதவி நின்றதும் வைரம்தான் அவர்களுக்குக் கஜானா. 1992-இலிருந்து 1998-க்குள் 370 கோடி டாலர் வரை என்று குளோபல் விட்னஸ் அமைப்பு கணக்கிட்டது. அதே காலத்தில் பெரிய வைர நிறுவனமான டி பீர்ஸ் வெளிச்சந்தையில் அங்கோலாக் கல்லை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. உலக விலை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே! 1998-இல் ஐ.நா. தடை வந்தது, 1999-இல்தான் டி பீர்ஸ் நிறுத்தியது. சவிம்பி 2002 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் சில வாரங்களில் போர் நின்றது.

#9 வம்பன்

சரி சரி, சிரிப்பை நிறுத்திவிட்டேன். ஒரு நிஜமான சந்தேகம். மாடல் அழகி ஒருத்திக்கு ராத்திரியில் யாரோ வைரம் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று செய்தி வந்ததே, அது இந்தக் கேஸ்தானா?

#10 ஆற்றுமணல்

அதேதான். 1997-இல் மண்டேலா கொடுத்த விருந்துக்குப் பிறகு நடந்தது. அந்த மாடல் அழகி நவோமி கேம்ப்பெல், சார்ல்ஸ் டெய்லர் மீதான போர்க்குற்ற வழக்கில் 2010 ஆகஸ்டில் தி ஹேக்கில் வந்து சாட்சி சொன்னார். ராத்திரி இரண்டு பேர் கதவைத் தட்டி ஒரு பையைக் கொடுத்தார்கள், உள்ளே பார்த்தால் அழுக்கான சின்னக் கற்கள் என்றார். ரஃப் அப்படித்தான் இருக்கும், சோடா பாட்டில் துண்டு மாதிரி. சார்ல்ஸ் டெய்லர் 2012 ஏப்ரலில் குற்றவாளி என்று தீர்ப்பானது, மே மாதம் 50 ஆண்டு தண்டனை. இப்போது இங்கிலாந்துச் சிறையில்.

#11 மகளதிகாரம்

முதல் பதிவில் வருகிற மகள் நான்தான். அம்மா கணக்குத் தொடங்கியதே எனக்கு இன்றுதான் தெரியும்.

கிம்பர்லி திட்டம் சும்மா என்று நான் சொல்லவில்லை. 2000-இல் தென் ஆப்பிரிக்காவின் கிம்பர்லியில் பேச்சு தொடங்கி, 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சியரா லியோனின் ஏற்றுமதி 2000-இல் ஒரு கோடி டாலர் அளவில் இருந்தது, 2004-இல் 12 கோடியைத் தாண்டியது. பின்வாசல் கல் நிறைய முன்வாசலுக்கு வந்தது என்றுதான் அர்த்தம். அப்பா ‘முடிந்த கதை’ என்று சொல்வது இந்தப் பகுதியை வைத்துத்தான்.

என் சண்டை அதன் வரையறையோடு. ‘சட்டபூர்வமான அரசைக் கவிழ்க்கக் கிளர்ச்சிப் படைகளும் அவர்களது கூட்டாளிகளும் பயன்படுத்தும் ரஃப் வைரம்’, இதுதான் அவர்கள் கணக்கில் மோதல் வைரம். துப்பாக்கி அரசின் கையில் இருந்தால்? ஜிம்பாப்வேயின் மராங்கே வைர வயலில் 2008 கடைசியில் ராணுவம் ஹெலிகாப்டரோடு புகுந்து, தோண்டிக்கொண்டிருந்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கொஞ்ச காலம் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தார்கள், 2011-இல் அனுமதித்துவிட்டார்கள். ஏனென்றால் கொன்றது கிளர்ச்சிப் படை இல்லை. இந்தத் திட்டத்துக்காக முதலில் குரல் கொடுத்த குளோபல் விட்னஸ் அதே டிசம்பரில் வெளியேறியது.

அடுத்தது ரஷ்யா. அங்கே வைரம் தோண்டும் அல்ரோசா கம்பெனியில் பெரும்பங்கு மத்திய அரசுக்கும் யாகூத்தியா நிர்வாகங்களுக்கும். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, இதைக் கிம்பர்லி கூட்டத்தில் பேசலாம் என்று 2022-இல் கேட்டபோது, நிகழ்ச்சி நிரலில்கூடச் சேர்க்க முடியவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும், ரஷ்யாவும் அதில் ஓர் உறுப்பினர். ஜி7 நாடுகள் 2024-இல் ரஷ்ய வைரத்துக்குத் தனியாகத் தடை போட்டன. அந்தத் தடை செய்யப்பட்ட கல்லுக்கும் கிம்பர்லி சர்டிபிகேட் சுத்தமாக இருக்கும். கடைப் பையன் நீட்டியதை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

#12 பட்டறை மணி

தங்கச்சி நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் அந்தத் தடையின் இன்னொரு முனை எங்கே குத்தியது என்பதையும் பாருங்கள். உலகத்தில் பத்துக் கல்லில் ஒன்பது இந்தியாவில்தான் பட்டை தீட்டப்படுகிறது, அதில் பெரும்பகுதி சூரத். சிறிய ரஷ்யக் கல்லை நம்பி இருந்த பட்டறைகளில் தீபாவளி விடுமுறை நீண்டுகொண்டே போனது. கூடவே வேலை பார்த்த இரண்டு பேர் ஊருக்குத் திரும்பிப் பருத்தி விதைக்கிறார்கள். போரை நிறுத்தினால் சரி என்று சொல்லலாம். போர் நிற்கவில்லையே.

#13 கல்லுக்கட்டுக்காரர்

திருச்சிப் பக்கம் செயற்கைக் கல் அறுக்கும் குடும்பம் நான். ஒரு காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை ஊர்களில் வீட்டுக்கு வீடு சாணை ஓடியது, அமெரிக்கன் டைமண்ட் எல்லாம் எங்கள் கைவேலை. மெஷின் கல் வந்து அடித்துவிட்டது. அதை விடுங்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் இப்போது சூரத்திலேயே தயாராகிறது, அதே கார்பன், அதே பளபளப்பு, விலையோ மிகக் குறைவு. அதை வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லையே?

#14 ஆற்றுமணல்

தலைவலி உங்களுக்கு இல்லை. கோனோவில் இன்றும் குழியில் நிற்பவனுக்கு உண்டு. அங்கே ‘சப்போர்ட்டர்’ என்று ஒருவர் அரிசியும் மண்வெட்டியும் கொடுப்பார், கல் கிடைத்தால் பங்கு. கிடைக்காத நாளில் இரண்டு கப் அரிசிதான் கூலி. 2017-இல் ஒரு மதபோதகரின் குழியில் 709 காரட் கல் கிடைத்தது. அவர் கடத்தல்காரரிடம் போகாமல் அரசிடம் கொடுத்தார், நியூயார்க்கில் 65 லட்சம் டாலருக்குப் போனது, ஊருக்கும் பங்கு என்று அறிவித்தார்கள். அப்படி ஒன்று நடந்தால் உலகச் செய்தியாகிறது, அதிலிருந்தே மற்ற நாட்களின் நிலவரம் தெரியும். விலை விழுந்தால் முதலில் குறைவது அந்த இரண்டு கப்தான். அதற்காக வாங்குங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். எனக்கு இதில் தெளிவான பதில் கிடையாது, மகளுக்கு நான் முத்துதான் போட்டேன்.

#15 எதிர்க்கேள்வி

அப்பா சொன்ன ‘முடிந்த கதை’க்கு ஒரு வரி சேர்க்கிறேன். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2013-இல் செலெக்கா என்ற கிளர்ச்சிப் படை ஆட்சியைப் பிடித்ததும் அந்த நாட்டு வைரத்துக்குத் தடை வந்தது. முழுதாக நீங்கியது 2024-இல். என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் கதை முடியவில்லை என்பது சரி.

#16 வளையல்காரி

எல்லோருக்கும் நன்றி. மணி தம்பி சொன்னபடி கொள்முதல் பில் கேட்டேன். கடைக்காரர் இப்படி யாரும் கேட்டதில்லை என்றார், ஆனாலும் மும்பைக்குப் போன் போட்டு எடுத்துக் காட்டினார். அந்த வாக்கியம் இருந்தது. ரஃப் எந்த நாடு என்றால் அவருக்கும் தெரியவில்லை, அவருக்கு விற்றவருக்கும் தெரியவில்லை.

மூன்று ராத்திரியில் மாமியாருக்கு ஒரு கனவும் வரவில்லை (வம்பனுக்காகச் சொல்கிறேன்). ஆனால் நான்காம் நாள் அவரே பீரோவிலிருந்து தன் கல்யாணத் தோட்டை எடுத்து வைத்தார். “இது ப்ளூ ஜாகர், இதையே அழித்துக் கட்டிப் போடு” என்றார். மகளுக்கு சந்தோஷம். ப்ளூ ஜாகர் என்றால் எந்த ஊர்?

#17 ஆற்றுமணல்

தென் ஆப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கம். நீலம் ஓடும் வெள்ளைக் கல்லுக்குப் பேர் போனது. நம் ஊரில் வாயில் நுழையாமல் ஜாகர் ஆகிவிட்டது. சுரங்கம் 1971-இல் மூடியாயிற்று. ஆகவே இன்று கடையில் ‘புது ப்ளூ ஜாகர்’ என்று யாராவது விற்றால் அது நிறத்தின் பெயர்தான், ஊரின் பெயர் அல்ல. உங்கள் மாமியாரின் தோடு எந்த வருடம்?

#18 வளையல்காரி

1962. திருநெல்வேலியில் எடுத்தது. பின்பக்கம் மூடிய கட்டு.

#19 கல்லுக்கட்டுக்காரர்

அம்மா, மூடிய கட்டு என்றால் கவனம். அரக்கைச் சூடு காட்டி இளக்கும்போது ஓரம் சில்லு போக வாய்ப்பு உண்டு. பிரிக்கிற அன்று கூடவே உட்காருங்கள். கல்லை ஒவ்வொன்றாக எடை போட்டு, காரட், சென்ட் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்புறம் கட்டக் கொடுங்கள்.